கினிப்பன்றியின் தண்ணீர்க் கணக்கு

போன மே மாதம், ஒரு விடியற்காலை. பட்டுவின் கூண்டைத் திறக்கப் போனேன். பட்டு எங்கள் வீட்டுக் கினிப்பன்றி. மூன்று வயது, 900 கிராம் எடை, நெற்றியில் வெள்ளைச் சுழி. முதல் நாள் இரவு நான் நிரப்பி மாட்டிய தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கோடுகூட இறங்கவில்லை. அக்னி நட்சத்திர நாட்களில் இரவு முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறாளே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அப்போது அவளே பாட்டிலிடம் வந்தாள். உலோகக் குழாயின் முனையைப் பல்லால் கவ்வி இழுத்தாள், விட்டாள், மறுபடியும் கவ்வினாள். நான் விரலை வைத்து முனையில் இருக்கும் குண்டை அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. பாட்டிலைக் கழற்றி, குழாய்க்குள் ஒரு ஊக்கை விட்டுக் கிண்டினேன். மென்ற புல் கூழாகி, பச்சையும் பழுப்புமாக இறுகி, குண்டை உள்ளே பிடித்து வைத்திருந்தது. குடிக்க மறுக்கிறாள் என்று நான் எண்ணிய அந்த இரவு முழுவதும் அவளுக்குக் குடிக்கக் கிடைக்கவே இல்லை. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்ததும் தலையைத் தூக்காமல் குடித்தாள். அதன் பிறகு எந்தக் கினிப்பன்றியைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் முதலில் நான் சொல்வது ஒன்றுதான்: தண்ணீர் பாட்டில் இறங்குவது வேறு, பிராணி தண்ணீர் குடிப்பது வேறு, அதன் உடம்புக்குத் தண்ணீர் போய்ச் சேருவது இன்னும் வேறு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், உங்கள் கினிப்பன்றி திடீரென்று அதிகமாகக் குடித்தாலும் குறைவாகக் குடித்தாலும் எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

எவ்வளவு குடிப்பது வழக்கம்?

கினிப்பன்றிக்குப் பன்றியோடு எந்த உறவும் இல்லை. எலி, அணில் போல அதுவும் கொறிக்கும் இனம். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பகுதியில் பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் வளர்த்துவரும் பிராணி அது. குளிர்ந்த மலையும் பச்சைப் புல்லும் அதன் பூர்வீகம். சென்னையிலும் மதுரையிலும் நாம் அதற்குக் கொடுப்பது வெயிலும் உலர்ந்த தீவனமும். தண்ணீர் விஷயத்தில் நாம் இவ்வளவு கவனமாக இருக்க வேண்டியதன் காரணம் இதில்தான் தொடங்குகிறது.

உலர்ந்த புல்லும் உருண்டைத் தீவனமும் மட்டுமே தின்னும் கினிப்பன்றி, தன் உடல் எடையில் ஒவ்வொரு 100 கிராமுக்கும் ஏறத்தாழ 10 மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு நாளில் குடிக்கும் என்பது பொதுக் கணக்கு. 900 கிராம் எடை என்றால் 90 மில்லி. ஒரு சிறிய காபி டம்ளர் அளவு. இதை மனதில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் இதை வைத்து உங்கள் பிராணியை அளக்கக் கூடாது. ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் கினிப்பன்றி காய்கறியும் கீரையும் தின்கிறது. வெள்ளரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். குடைமிளகாயும் கொத்தமல்லித் தழையும் தொண்ணூறுக்கு மேல். பச்சை அருகம்புல்லிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். உலர்ந்த புல்லிலோ பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் சற்றுக் கூடுதல்.

ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டு காலையில் கொத்தமல்லி, அரை வெள்ளரிக்காய், ஒரு துண்டு குடைமிளகாய் என்று மொத்தம் 100 கிராம் தின்றால், அதிலேயே 90 மில்லிக்கு மேல் தண்ணீர் உள்ளே போய்விடுகிறது. அன்று பாட்டில் 20 மில்லி இறங்கினால்கூட அவளுக்குத் தாகம் இல்லை என்றுதான் பொருள். அடுத்த நாள் மழை, காய் வாங்கப் போகவில்லை, உலர்புல்லும் தீவனமும்தான் என்றால் பாட்டில் 80, 90 என்று இறங்கும். முந்தைய நாளைவிட நான்கு மடங்கு! பார்ப்பவருக்குப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அவள் உடம்புக்குப் போய்ச் சேர்ந்த தண்ணீர் இரண்டு நாளும் கிட்டத்தட்ட ஒன்றேதான். குடிக்கும் பழக்கம் மாறிவிட்டது என்று என்னிடம் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, கடந்த மூன்று நாளில் சாப்பாட்டில் என்ன மாறியது என்பதைத்தான். பாதிப் பேருக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

ஆகவே உங்கள் பிராணியைப் பக்கத்து வீட்டுப் பிராணியோடு ஒப்பிட வேண்டாம். அதை அதனோடேயே ஒப்பிடுங்கள். வழக்கமான சாப்பாடு, வழக்கமான வெயில் என்று இருக்கும் நாட்களில் அது எவ்வளவு குடிக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வழக்கத்திலிருந்து விலகுவதுதான் செய்தி.

பாட்டில் சொல்லும் பொய்

பாட்டிலின் வேலை எளிமையானது. தலைகீழாகத் தொங்கும் பாட்டிலுக்கு வெளியிலிருந்து காற்று புக வழி இல்லாததால் தண்ணீர் தானாகக் கொட்டாது. பிராணி குண்டைத் தள்ளும்போது சில சொட்டு வெளியே வரும், அந்த இடத்துக்கு ஒரு காற்றுக் குமிழி மேலே ஏறும். குமிழி ஏறுவது கண்ணுக்குத் தெரியும். அது ஏறவில்லையென்றால் தண்ணீர் இறங்கவில்லை.

இதில் இரண்டு விதத்தில் ஏமாறுகிறோம். ஒன்று நான் மேலே சொன்ன அடைப்பு. கினிப்பன்றிகள் குழாயை நாகரிகமாக நக்கிக் குடிப்பதில்லை. கடிக்கும், வாயில் உணவை வைத்துக்கொண்டே குடிக்கும், மென்றதைக் குழாய்க்குள் தள்ளிவிடும். இரண்டு மூன்று நாள் கழுவாமல் விட்டால் உள்ளே பாசியும் கூழும் சேர்ந்துகொள்ளும். குழாய் கழுவும் சிறிய தூரிகை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் தண்ணீர் மாற்றும்போது விரல் நுனியால் குண்டை அழுத்தி, ஒரு சொட்டு விரலில் படுகிறதா என்று பார்த்த பிறகே பாட்டிலை மாட்டுங்கள். இரண்டு நொடி வேலை.

மற்றது ஒழுகல். இதில் வெயிலுக்கும் பங்கு உண்டு. பாட்டிலின் மேல்பகுதியில் இருக்கும் காற்று, நண்பகல் சூட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே தள்ளும். பாட்டிலில் தண்ணீர் குறையக் குறையக் காற்று அதிகம், ஒழுகலும் அதிகம். மாலையில் வந்து பார்த்தால் பாட்டில் காலி. ஒரே நாளில் இவ்வளவு குடித்துவிட்டதே என்று தோன்றும். உண்மையில் பாதி கூண்டின் விரிப்பில் இருக்கும். தனியாக இருக்கும் பிராணிகள் சில, பொழுது போகாமல் குழாயை ஆட்டி விளையாடித் தண்ணீரைக் கொட்டுவதும் உண்டு. சந்தேகம் வந்தால் குழாய்க்கு நேர் கீழே ஒரு சிறிய தட்டையான கிண்ணத்தை ஒரு நாள் வைத்துப் பாருங்கள். எவ்வளவு குடித்தது, எவ்வளவு சிந்தியது என்று தெரிந்துவிடும்.

பாட்டிலா கிண்ணமா என்று கேட்டால், இரண்டும் என்பேன். அடி கனமான பீங்கான் கிண்ணமோ கல்சட்டியோ கவிழாது. கிண்ணத்தில் புல்லும் புழுக்கையும் விழும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும், அது உண்மைதான். ஆனால் ஒன்று அடைத்துக்கொண்டாலும் மற்றது இருக்கும் என்ற நிம்மதிக்கு அந்த உழைப்பு தகும். அந்த மே மாதக் காலைக்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டும் வைக்காமல் விளக்கை அணைப்பதில்லை.

குறைவாகக் குடித்தால்

பாட்டில் சரியாக இருக்கிறது, காய்கறியும் கூடவில்லை, ஆனாலும் குடிப்பது குறைந்துவிட்டது என்றால் கவனத்தைத் தண்ணீரின் மீதும், பிறகு பிராணியின் வாயின் மீதும் திருப்ப வேண்டும்.

கினிப்பன்றிக்குப் பழகியதுதான் பிடிக்கும். சிறு வயதில் பழகிய தீவனம், பழகிய கிண்ணம், பழகிய சுவை. திடீரென்று மாற்றினால் பட்டினி கிடக்குமே தவிர, புதியதைத் தொடாது. வீடு மாறினோம், அங்கே கேன் தண்ணீர், இங்கே போர் தண்ணீர் என்றால் சுவை மாறுவது நமக்கே தெரிகிறதே, அதற்குத் தெரியாதா? அப்படி மாற்ற வேண்டியிருந்தால் பழைய தண்ணீரில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள்.

தண்ணீரில் வைட்டமின் சி சொட்டு மருந்து கலக்கும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. அதன் பின்னே ஒரு நல்ல எண்ணம் உண்டு. மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலும் வைட்டமின் சியைத் தானே தயாரித்துக்கொள்ளாது. 1907ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் அக்செல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிக் என்ற இருவர், வெறும் தானியம் கொடுத்து வளர்த்த கினிப்பன்றிகளுக்குக் கடலோடிகளை வாட்டிய அதே ஸ்கர்வி நோய், அதாவது வைட்டமின் சி குறைவால் வரும் நோய், வருவதைக் காட்டினார்கள். அந்த நோயைப் பற்றிய மனித மருத்துவத்தின் அறிவே இந்தச் சின்னஞ்சிறு பிராணிக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆரோக்கியமான பெரிய கினிப்பன்றிக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 மில்லிகிராமாவது வைட்டமின் சி வேண்டும், சினையாக இருந்தால் 30 வரை. ஆனால் அதைத் தண்ணீரில் கலப்பது இரண்டு வகையில் வீண். ஒளியும் காற்றும் உலோகமும் பட்டு அது சில மணி நேரத்திலேயே வலுவிழக்கிறது. மேலும் புளிப்பு ஏறிய தண்ணீரைப் பிராணி ஒதுக்குகிறது. ஒரு சத்தைக் கொடுக்கப் போய்த் தண்ணீரையே பறித்துவிடுகிறோம். குடைமிளகாயும் கொத்தமல்லியும் அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும். மருந்தாகவே கொடுக்க வேண்டுமென்றால் மருத்துவர் சொன்ன அளவை நேரடியாக வாயில் கொடுங்கள். எந்த மருந்துக்கும் இதே விதிதான். தண்ணீரில் கலந்த மருந்தில் எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது வாய். கினிப்பன்றியின் இருபது பற்களும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். புல் போதாமல், மென்மையான தீவனத்திலேயே வளர்ந்தால் கடைவாய்ப் பற்கள் கோணலாக நீண்டு, கீழ்ப்பற்கள் உள்பக்கமாகச் சாய்ந்து நாக்கின் மேல் பாலம் போலக் கவிந்துவிடும். நாக்கை அசைக்க முடியாத பிராணி எப்படித் தண்ணீரை விழுங்கும்? அது உணவுக்கு ஆவலாக ஓடி வரும், முகர்ந்து பார்க்கும், ஒரு வாய் கவ்வும், கீழே போட்டுவிடும். மோவாய் எப்போதும் ஈரமாக இருக்கும். தண்ணீர் குடித்த ஈரம் என்று நாம் நினைப்போம், அது விழுங்க முடியாமல் வழிந்த உமிழ்நீர். மோவாயின் கீழே விரலை வைத்துப் பாருங்கள். முடி பிசுபிசுத்துத் திரிதிரியாக ஒட்டியிருந்தால் பல்லை மருத்துவர் பார்த்தாக வேண்டும். முன்பற்களை மட்டும் நாம் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது, கோளாறு பெரும்பாலும் உள்ளே, கடைவாயில்தான்.

குடிப்பதும் தின்பதும் சேர்ந்து குறைந்தால் அவசரம். இதை அழுத்திச் சொல்கிறேன். கினிப்பன்றியின் குடல் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய ஆலை. பெருங்குடலின் தொடக்கத்தில் பெரிய பை போல ஒரு பகுதி இருக்கிறது. அங்கேதான் நார்ச்சத்து நுண்ணுயிர்களால் புளித்துச் செரிக்கிறது. தண்ணீர் குறைந்தால் அந்தப் பையில் இருப்பது காய்ந்து இறுகும், குடல் ஓட்டம் மந்தமாகும், வாயு சேர்ந்து வலிக்கும், வலித்தால் இன்னும் தின்னாது. புழுக்கையைப் பார்த்தால் இது தெரியும். நல்ல புழுக்கை அவரைக்கொட்டை போல நீண்டு, இரு முனையும் உருண்டு, ஒரே அளவில் இருக்கும். நீர் குறைந்த பிராணியின் புழுக்கை சிறுத்து, காய்ந்து, ஒரு முனை கூராகி, எண்ணிக்கையிலும் குறையும். அரை நாள் முழுக்க ஒன்றும் தின்னாத கினிப்பன்றியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

போகும் வரை என்ன செய்வது? விழுங்கும் நிலையில், தலை நிமிர்ந்து இருந்தால், ஊசி கழற்றிய சிறிய சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, கன்னத்தின் ஓரமாக, அரை மில்லி அரை மில்லியாக, அது விழுங்கிய பிறகே அடுத்ததைக் கொடுங்கள். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குள் போய்விடும். துவண்டு கிடக்கும் பிராணிக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் நம்முடைய ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கும் எண்ணம் வந்தால் அதை உடனே விட்டுவிடுங்கள். அமாக்சிசிலின், பென்சிலின் வகை மாத்திரைகளை வாய் வழியாகக் கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து கினிப்பன்றி இறந்துபோகும். மனிதக் குழந்தைகளுக்கே எழுதித் தரும் சாதாரண மருந்து இது என்பதால்தான் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

அதிகமாகக் குடித்தால்

அதிகம் குடிப்பதற்குக் கவலை வேண்டாத காரணங்கள் பல உண்டு. வெயில் முதலாவது. கினிப்பன்றிக்கு வியர்க்காது, நாயைப் போல மூச்சிரைத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளவும் அதற்குச் சரியாக வராது. 18 முதல் 24 பாகை வரை அதற்கு இதமான சூழல், 27, 28ஐத் தாண்டினாலே சிரமம் தொடங்கிவிடும். நம் ஊரில் மார்ச் முதல் ஜூன் வரை அறைக்குள்ளேயே அதற்கு மேல்தான். வெயிலுக்கு ஏற்ப பாட்டில் வேகமாக இறங்குவது நல்ல அறிகுறி. தண்ணீர் பாட்டிலில் ஐஸ் உறைய வைத்து, துணியில் சுற்றிக் கூண்டில் ஒரு மூலையில் வைத்தால் அதன் மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். அஞ்ச வேண்டியது நேர் எதிரான காட்சியைக் கண்டு: கொதிக்கும் மதியத்தில் பிராணி நீட்டிப் படுத்துவிட்டது, வேக வேகமாக மூச்சு வாங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, தண்ணீரைத் திரும்பியும் பார்க்கவில்லை. அது வெப்பத்தாக்கு. குளிர்ந்த அறைக்கு மாற்றி, காதையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

பெண் பிராணி என்றால் சினையையும் நினைத்துப் பாருங்கள். 59 முதல் 72 நாள் வரை சுமக்கும், பால் கொடுக்கும்போது தாகம் இன்னும் கூடும். கடையில் ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருப்பதால், வாங்கி வரும்போதே சினையாக இருப்பது அபூர்வமில்லை.

இவை ஒன்றும் இல்லை, சாப்பாடும் வெயிலும் வழக்கம்போலத்தான், ஆனாலும் இரண்டு மூன்று நாளாகத் தன் வழக்கத்தைப் போல இரு மடங்கு குடிக்கிறது என்றால், அது நோயின் குரலாக இருக்கலாம். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, ஒரு விஷயத்தைத் தலைகீழாகப் பார்க்க வேண்டும்.

நிறையக் குடிப்பதால் நிறையச் சிறுநீர் போகிறது என்றுதான் நமக்குத் தோன்றும். நோயில் பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. நிறையச் சிறுநீர் போவதால்தான் அது நிறையக் குடிக்கிறது. சிறுநீரகத்தின் வேலை கழிவை வெளியே தள்ளி, தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வது. வயதான கினிப்பன்றிகளுக்குச் சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாவது சாதாரணமாகக் காணப்படுவது. பழுதான சிறுநீரகத்தால் தண்ணீரைத் திரும்ப இழுக்க முடியாது, நீர்த்த சிறுநீராக எல்லாம் போய்விடும். நீரிழிவிலும் அப்படியே. இரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரந்தாலும் தாகம் கூடும். அப்போது பிராணி நன்றாகத் தின்னும், ஆனாலும் இளைத்துக்கொண்டே போகும். எல்லாவற்றிலும் உடம்பு இழந்ததைத் தாகம் ஈடுகட்டுகிறது.

என் அக்கா வீட்டில் ஐந்து வயது ஆண் கினிப்பன்றி ஒன்று இருந்தது. ராஜா என்று பெயர். கூண்டு விரிப்பு காலையிலும் மாலையிலும் நனைந்து நாறியதால், தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று எண்ணி, அக்கா பாட்டிலை அரை அளவுக்கு மட்டும் நிரப்பத் தொடங்கினார். நான்கே நாளில் ராஜா சுருண்டு படுத்துவிட்டது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை மில்லி குடிக்கிறது அம்மா?" வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. சிறுநீரைச் சோதித்ததில் சர்க்கரை இருந்தது. தினமும் வாழைப்பழமும் ஆப்பிளும் ஊட்டி வளர்த்த செல்லம். பழத்தை நிறுத்தி, புல்லைக் கூட்டி, தண்ணீரைத் தாராளமாக வைத்த பிறகு ராஜா தேறியது. இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது. அக்காவுக்கு அந்த நான்கு நாள் இன்றுவரை ஆறவில்லை. அன்பில் குறை வைத்தவர் அல்ல அவர், இதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. எனவே கூண்டு எவ்வளவு நனைந்தாலும் சரி, தண்ணீரைக் குறைக்காதீர்கள். விரிப்பை மாற்றுங்கள், மருத்துவரிடம் போங்கள்.

நனைந்த விரிப்பு எல்லாம் அதிகச் சிறுநீர் என்றும் சொல்ல முடியாது. சிறுநீர்ப்பையில் கல்லோ கிருமித்தொற்றோ இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போகும். முதுகை வளைத்து, முக்கி, கீச்சிட்டுக்கொண்டு போகும். கினிப்பன்றி உடம்பில் மிஞ்சும் சுண்ணாம்புச் சத்தைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுகிறது. அதனால் சிறுநீர் கொஞ்சம் கலங்கி, காய்ந்தால் வெள்ளைத் தூளாகப் படிவது இயல்பு. விரலால் தேய்த்தால் மாவு போல இருந்தால் பயமில்லை, மணல் போல நறநறத்தால் கவனிக்க வேண்டும். ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் பிராணியைச் சிறிது நேரம் விடுங்கள். நேரம் கழித்துக் காய்ந்த கறை செம்பழுப்பாக மாறுவது தின்ற கீரையின் நிறமியாலும் இருக்கலாம். விழும்போதே சிவப்பாக விழுந்தால் அது இரத்தமாக இருக்கலாம். ஆண் பிராணிக்குச் சிறுநீர் வழி குறுகலானது, கல் அடைத்துக்கொண்டு சொட்டுகூட வராமல் போகலாம். அது மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கும் நிலை. பொதுவாக நிறையத் தண்ணீர் போய்ச்சேரும் உடம்பில் சிறுநீர் நீர்த்து இருப்பதால் படிவு சேர்வதற்கு வாய்ப்பு குறைவு. ஈரமான கீரைகளைக் கழுவி, நீரை உதறாமல் அப்படியே கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

அளப்பது எப்படி

குடிக்கும் அளவை அறிய மூன்று நாள் போதும். காலை ஏழு மணிக்குச் சமையலறைத் தராசில் பாட்டிலை நிறுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மறுபடி நிறுத்தால், குறைந்த ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லி தண்ணீர். சிந்தியதைக் கீழ்க்கிண்ணத்தில் பார்த்துக் கழித்துவிடுங்கள். மூன்று நாள் சராசரி உங்கள் பிராணியின் வழக்கம். பக்கத்தில் அன்று தின்ற காய்கறியையும் வெயிலையும் ஒரு வரியில் எழுதுங்கள். கோடையில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை அளந்துவைத்தால் ஆண்டு முழுக்கக் கையில் ஒரு அளவுகோல் இருக்கும்.

இரண்டு கினிப்பன்றிகள் ஒரே பாட்டிலில் குடித்தால் இது கைகொடுக்காது. ஒன்று குடிப்பதை நிறுத்தி மற்றது இரு மடங்கு குடித்தால்கூடப் பாட்டில் எப்போதும்போலவே இறங்கும். அவற்றைப் பிரிக்காமல், கூண்டின் நடுவே கம்பித் தடுப்பு வைத்து, ஒன்றையொன்று பார்த்து முகரும்படி ஒரு நாள் மட்டும் தனித்தனி பாட்டில் கொடுத்து அளக்கலாம்.

தண்ணீரைவிடவும் நான் நம்புவது எடையை. வாரம் ஒரு முறை அதே தராசில், ஒரு சிறிய கூடையில் வைத்து நிறுத்து எழுதுங்கள். 20, 30 கிராம் ஏறி இறங்குவது இயல்பு. ஒரு வாரத்தில் 50 கிராமுக்கு மேல் குறைந்தால் தினமும் நிறுக்கத் தொடங்க வேண்டும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், அது துள்ளி விளையாடிக்கொண்டிருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கினிப்பன்றி இரை விலங்கு. நோயை முடிந்தவரை மறைக்கும், மறைக்க முடியாத நாளில்தான் நமக்குக் காட்டும். தராசிடம் அதனால் மறைக்க முடியாது.

மருத்துவமனைக்குக் கொண்டு போகும்போது அந்தக் குறிப்புத் தாளையும், அன்று காலைப் புழுக்கை கொஞ்சத்தை ஒரு சிறிய டப்பாவிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவரா, சிறு கொறி விலங்குகளும் பார்ப்பவரா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. பெட்டிக்குள் பாட்டிலை மாட்ட வேண்டாம். ஆட்டோவின் குலுக்கலில் ஒழுகி, பிராணி நனைந்து நடுங்கும். வழிக்கு ஒரு பிடி புல்லும் இரண்டு துண்டு வெள்ளரிக்காயும் போதும். கூடவே வளரும் துணை இருந்தால் அதையும் அதே பெட்டியில் உட்கார வையுங்கள். பழகிய உடம்பின் சூடு பக்கத்தில் இருந்தால் வழியிலேயே ஒரு துண்டைக் கடிக்கத் தொடங்கிவிடும்.